குளத்துக்கு ஆள் தேடியபோது

திருவொற்றியூரில் நீச்சல் குளமா என்று தென்சென்னை நண்பர்கள் சிரிப்பதுண்டு. எங்கள் மொட்டை மாடியில் நின்றால் வங்கக் கடல் தெரியும். காற்று திரும்பும் இரவுகளில் உப்பின் ஈரம் சன்னல் கம்பிகளில் படிந்து, ஒரே வருடத்தில் அவற்றைத் துருவாக்கிவிடும். இவ்வளவு அருகே கடலை வைத்துக்கொண்டு, 12 மீட்டர் நீளத்தில் நீல டைல்ஸ் பதித்த ஒரு தொட்டி எதற்கு என்பது அவர்கள் கேள்வி.

நியாயமான கேள்விதான். ஆனால் கடல் அருகில் இருப்பதும் கடலில் இறங்க முடிவதும் வேறுவேறு. 19ஆம் நூற்றாண்டின் கடைசிக் கால்பகுதியில் துறைமுகச் சுவர்கள் எழும்பிய நாள் முதலாக, தெற்கிலிருந்து அலைகள் தள்ளிவரும் மணல் மெரினாவில் தங்கிவிட, வடக்கே கரை அரிபட்டுக்கொண்டே வந்திருக்கிறது. ராயபுரத்திலிருந்து எண்ணூர்வரை இன்று கரை என்று நாம் காண்பது பெரும்பாலும் கருங்கல் குவியலும் தூண்டில் வளைவுகளும்தான். குப்பத்துப் பிள்ளைகள் அலையின் கணக்கை அறிந்து அந்தக் கற்களுக்கிடையே குதிக்கிறார்கள். அடுக்ககத்துப் பிள்ளைகளுக்கு அந்தக் கணக்கு தெரியாது. 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய்ப் படலம் பரவியதைக் கண்ட பிறகு, கடலோரமாகப் பிள்ளைகளை அழைத்துப்போகும் ஆசை எங்களில் பலருக்கும் போய்விட்டது. மாநகராட்சிக் குளம் வேண்டுமென்றால் மெரினாவுக்கோ பெரியமேட்டுக்கோ போகவேண்டும். ஆகவே இந்தத் தொட்டி.

எங்கள் வளாகத்தில் 140 வீடுகள். குளத்தைப் பராமரித்துவந்த நிறுவனத்தின் ஒப்பந்தம் முடியும் தறுவாயில், புதிதாக ஒன்றைத் தேர்ந்தெடுக்க ஐவர் குழு ஒன்றைச் சங்கம் அமைத்தது. கடிதம் எழுதத் தெரிந்தவன் என்ற ஒரே தகுதியில் நானும் அதில் சேர்க்கப்பட்டேன். இரண்டு மாத வேலை அது. விலைப்புள்ளி கேட்டு, குறைந்த தொகையைத் தேர்ந்தெடுத்து, கையெழுத்திட்டுவிட்டு வீட்டுக்குப் போவதுதான் வேலை என்று குழுவில் ஓரிருவர் நினைத்திருந்தார்கள்.

முதலில் தண்ணீரைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்கள் குளத்தின் அகலம் 6 மீட்டர், சராசரி ஆழம் 1.2 மீட்டர். பெருக்கிப் பார்த்தால் 86,000 லிட்டருக்குச் சற்று மேல். 12,000 லிட்டர் லாரி ஏழு நடை வந்தும் கொஞ்சம் குறையும். எங்கள் ஆழ்குழாய்க் கிணற்று நீரில் உப்போடு இரும்பும் உண்டு. முந்தைய நிர்வாகத்தார் ஒருமுறை அந்த நீரையே நிரப்பிக் குளோரின் போட, விடிவதற்குள் குளம் முழுதும் தேநீர் டிகாக்‌ஷன் நிறத்துக்கு மாறியிருந்தது. கரைந்திருந்த இரும்பு குளோரின் பட்டுத் துருவாகப் பிரிந்து வந்த நிறம் அது. ஆகவே குடிநீர் வாரியத்தின் தண்ணீர்தான் வேண்டும். அந்தத் தண்ணீரில் காட்டுப்பள்ளி ஆலையின் பங்கும் உண்டு. 2010 ஜூலையில் திறக்கப்பட்டு, நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரை நன்னீராக்கும் திறனோடு அமைக்கப்பட்ட ஆலை அது. அவ்வகை ஆலைகளில் 1,000 லிட்டர் நன்னீருக்கு 3 முதல் 4 யூனிட் மின்சாரம் செலவாகும். அப்படிப் பார்த்தால் எங்கள் தொட்டியை ஒருமுறை நிரப்ப ஏறத்தாழ 300 யூனிட். கடலிலிருந்து நீரை எடுத்து, உப்பைப் பிரித்து, லாரியில் ஏற்றிவந்து, அதே கடலின் ஓரத்தில் ஊற்றுகிறோம். இதை எண்ணும்போதெல்லாம் எனக்குச் சற்றுக் கூச்சமாகவே இருக்கிறது.

2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் என நான்கு ஏரிகளும் கட்டாந்தரையாகக் கிடந்த மாதங்களில் எங்கள் குளமும் வறண்டு கிடந்தது. பிள்ளைகள் அதற்குள் இறங்கி டென்னிஸ் பந்தில் கிரிக்கெட் ஆடினார்கள். பக்கச் சுவரில் பட்டால் இரண்டு ஓட்டம். அந்தக் கோடையை மறக்காதவர்கள் எங்கள் குழுவில் மூவர் இருந்தோம். எனவே வந்த நிறுவனங்களிடம் முதல் கேள்வியாக, குளத்தை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை காலி செய்வீர்கள் என்று கேட்டோம். ஒருவர் பெருமையோடு, "ஆறு மாசத்துக்கு ஒருவாட்டி மொத்தத் தண்ணியையும் மாத்திக் குடுத்துடுவோம் சார்" என்றார். இன்னொருவர் வேறு விதமாகப் பேசினார். குளோரின் மாத்திரைகளில், வெயிலில் குளோரின் சீக்கிரம் அழியாமலிருக்கச் சயனூரிக் அமிலம் சேர்ந்திருக்கிறது, அது நாளடைவில் நீரில் தேங்கிக் குளோரினின் வேகத்தையே குறைத்துவிடும், தேங்கியதைக் குறைக்கக் கொஞ்சம் பழைய நீரை வெளியேற்றிப் புதிய நீர் சேர்ப்பதே எளிய வழி, எவ்வளவு என்பதைச் சோதித்துப் பார்த்துத்தான் சொல்லமுடியும் என்றார். தொலைபேசியிலேயே விலை சொன்ன நிறுவனங்கள் நான்கு. நேரில் வந்து நீரை ஒரு புட்டியில் எடுத்துக்கொண்டு போனவர் இவர் ஒருவர்தான்.

நீரின் வேதியியலைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் படித்ததையெல்லாம் மறந்திருந்த எனக்கு, இந்த இரண்டு மாதம் நல்ல பாடம். குளோரின் லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம்வரை இருக்கலாம் என்பார்கள். ஆனால் அளவு மட்டும் போதாது. பி.எச். 7.2 ஆக இருக்கும்போது அந்தக் குளோரினில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கிருமிகளைக் கொல்லும் வடிவில் இருக்கும். 8.0 ஆகிவிட்டால் நான்கில் ஒரு பங்குதான் மிஞ்சும். கருவி காட்டும் எண் அதேதான், வேலை செய்வது குறைந்திருக்கும். குளத்தில் 'குளோரின் வாடை' தூக்கலாக அடித்தால் மருந்து அதிகம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். வியர்வையோடும் சிறுநீரோடும் குளோரின் சேர்ந்து உண்டாகும் குளோரமின்களின் வாடை அது. மருந்து போதவில்லை என்பதற்கே பெரும்பாலும் அது அடையாளம். இதைக் கேட்டதும் எங்கள் குழுவிலிருந்த அக்கா ஒருவர், "அப்போ இத்தனை நாள் சுத்தமா இருக்குன்னு நெனச்சு மூக்கை உறிஞ்சிக்கிட்டு இருந்தோமா" என்றார். ஒருவரும் பதில் சொல்லவில்லை.

இடையில் ஒரு சிக்கல். விலைப்புள்ளி தந்தவர்களில் ஒருவர், சங்கத்தில் செல்வாக்குள்ள ஒரு குடும்பத்துக்கு மைத்துனர் முறை. தொகையும் குறைவு. மறுத்தால் மனக்கசப்பு வரும். அந்த வாரம் எனக்கு உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் நினைவுக்கு வந்துகொண்டே இருந்தன. முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் வெட்டப்பட்டவை. குடவோலைத் தேர்தலைப் பற்றிப் பெருமை பேசும்போது நாம் வாக்குச்சீட்டையும் குடத்தையும் மட்டும் சொல்லி நிறுத்திவிடுகிறோம். ஊர்க் குளங்களையும் ஏரியையும் பார்த்துக்கொள்ள ஏரி வாரியம் என்று தனியே ஆறுபேர் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள் என்பதும், வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் மட்டுமன்றி அவருடைய நெருங்கிய உறவினரும் மறுபடி நிற்கமுடியாது என்று அந்த உறவுமுறைகளையே வரிசையாக வெட்டிவைத்தார்கள் என்பதும்தான் எனக்குப் பெரிதாகப் படுகின்றன. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே மைத்துனர்கள் ஒரு பிரச்சினையாக இருந்திருக்கிறார்கள்! கூட்டத்தில் நான் கல்வெட்டைச் சொல்லவில்லை. அந்த வீட்டுக்காரர் இந்தத் தேர்வில் கலந்துகொள்ளாமல் ஒதுங்கியிருக்கவேண்டும் என்று மட்டும் எழுத்தில் கேட்டோம். அவர் ஒதுங்கினார். மைத்துனரும் பிறகு தம் விலைப்புள்ளியைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

எங்கள் குழுவின் மூத்தவர் துறைமுகத்தின் தீயணைப்புப் பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்றவர். பேச்சு குறைவு. அவர் பம்ப் அறைக்குள் ஒருமுறை போய்வந்து இரண்டு விஷயங்களைச் சொன்னார். ஒன்று, பிளீச்சிங் பவுடரும் குளோரின் மாத்திரையும் அமிலக் கேனும் ஒரே மர அலமாரியில் இருக்கின்றன. பவுடரும் மாத்திரையும் ஈரத்தோடு கலந்தால் தீப்பற்றும், வெடிக்கவும் கூடும். பவுடரில் அமிலம் சிந்தினால் குளோரின் வாயு கிளம்பும். இந்தப் பகுதியில் வாயு என்ற சொல்லை யாரும் விளக்கவேண்டியதில்லை. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்தபோது குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு மக்கள் சாலைக்கு ஓடிவந்ததை எல்லோரும் அறிவோம். ஆலைகளின் கசிவைக் கண்டித்து மனு எழுதும் நாமே நம் கீழ்த்தளத்தில் ஒரு சிறிய கசிவுக்கு ஏற்பாடு செய்துவைத்திருந்தோம். அந்த அலமாரி அன்று மாலையே பிரிக்கப்பட்டது.

இரண்டாவது, மின்சாரம். நீருக்கடியில் இருக்கும் விளக்குகளின் கம்பி இணைப்புகள் உப்புக்காற்றில் பச்சை பூத்திருந்தன. நில இணைப்புக் கம்பி கையால் இழுத்தாலே வந்துவிடும் நிலை. அவர் பெங்களூருச் செய்தியை எடுத்துச் சொன்னார். 2023 டிசம்பர் இறுதியில் அங்கே வர்த்தூர்ப் பகுதியில் ஓர் அடுக்ககத்தின் நீச்சல் குளத்தில் ஒரு சிறுமி இறந்தாள். மின்சாரம் தாக்கியதே காரணம் என்று பரிசோதனையில் தெரியவந்தபின், 2024 பிப்ரவரியில் காவல்துறை ஏழுபேரைக் கைதுசெய்தது. குடியிருப்போர் சங்கத்தின் தலைவரும் அவர்களில் ஒருவர். "கான்ட்ராக்ட் குடுத்துட்டா நம்ம பொறுப்பு முடிஞ்சுதுன்னு யாரும் நெனைக்காதீங்க" என்றார் பெரியவர். எங்கள் தலைவர் அன்றிலிருந்து எல்லாக் கூட்டங்களுக்கும் தவறாமல் வந்தார்.

இவ்வளவும் ஆனபின்னும் முக்கியமான ஒன்று எங்கள் கண்ணில் படாமலேயே இருந்தது. விலைப்புள்ளிகள் எல்லாவற்றிலும் 'ஆள்: 1' என்றிருந்தது. அடைப்புக்குறிக்குள் 'குளம் பராமரிப்பாளர் மற்றும் உயிர்காப்பாளர்'. அந்த 'மற்றும்' என்ற சொல்லை நாங்கள் வாசித்தோம், கடந்துபோனோம்.

போட்டியிலிருந்த நிறுவனங்கள் ஏற்கெனவே பராமரிக்கும் குளங்களை நேரில் பார்ப்பது என்று முடிவுசெய்து, ஒரு சனிக்கிழமை மாலை பெரம்பூர்ப் பக்கம் ஒரு வளாகத்துக்குப் போனோம். நீர் பளிங்குபோல் இருந்தது. பதிவேட்டில் காலை, மாலை அளவுகள் ஒழுங்காக எழுதப்பட்டிருந்தன. ஒன்பது பிள்ளைகள் நீரில் இருந்தார்கள். பராமரிப்பாளர் இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க இளைஞர், கழுத்தில் விசில். நாங்கள் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தபோது வடிகட்டியின் அழுத்தம் ஏறிவிட்டது போலும், அவர் பம்ப் அறைக்குள் போனார். மணல் வடிகட்டியைப் பின்னோட்டத்தில் கழுவவேண்டும், வால்வுகளைத் திருப்பவேண்டும், கண்ணாடியில் நீர் தெளியும்வரை நிற்கவேண்டும். நல்ல பராமரிப்பாளர் அப்படித்தான் நிற்பார். பம்ப் அறையின் கதவு குளத்துக்கு முதுகுகாட்டி இருந்தது. பெரியவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இளைஞர் வெளியே வர பதினொரு நிமிடம் ஆயிற்று. அந்தப் பதினொரு நிமிடமும் கரையில் இருந்தவர்கள், இருக்கையில் செல்பேசியோடு ஒரு தாயும் நாங்களும்தான்.

மூழ்குகிறவர் கையை ஆட்டிக் கூச்சலிடுவார் என்று நமக்குத் திரைப்படம் கற்றுத் தந்திருக்கிறது. நியூயார்க்கின் ஆர்ச்சர்ட் கடற்கரையில் உயிர்காப்பாளராக இருந்த ஃபிராங்க் பியா என்பவர், 1970களை ஒட்டி உண்மையான மீட்புகளைப் படம்பிடித்துப் பார்த்து வேறொன்றைச் சொன்னார். மூச்சுக்குத் தவிக்கும் வாயால் கத்த முடியாது. கைகள் தாமாகவே பக்கவாட்டில் நீரை அழுத்தும், அசைத்துக் காட்ட முடியாது. உடல் செங்குத்தாக நிற்கும். நீர்மட்டத்தில் அந்தப் போராட்டம் 20 முதல் 60 நொடிகள். பிறகு அமைதி. பக்கத்திலிருப்பவர்கள் விளையாடுவதாக நினைத்துக்கொள்வார்கள். 2012 ஆகஸ்டில் சென்னை கலைஞர் கருணாநிதி நகரில் பள்ளி ஒன்றின் குளத்தில் நான்காம் வகுப்பு மாணவன் இறந்ததும் தனிமையில் அல்ல. நீச்சல் வகுப்பின்போது.

அந்த இளைஞரிடம் பேச்சுக் கொடுத்தேன். சொந்த ஊர் காசிமேடு என்றார். தகப்பனார் விசைப்படகில் போகிறவர். "நீஞ்சறது எல்லாம் பிரச்சினை இல்ல சார், கடல்லயே வளந்தவன். ஆனா இங்க ஒரே ஆளு. மோட்டார் ரூம்ல நின்னா தண்ணி தெரியாது. தண்ணியாண்ட நின்னா மோட்டார் கெட்டுப்போச்சுன்னு திட்டு வாங்கணும். அப்பப்போ கேட்டாண்ட பார்சல் வாங்கவும் அனுப்புவாங்க." சற்று நிறுத்திவிட்டுச் சொன்னார்: "ஏதாச்சும் ஆச்சுன்னா என்னத்தான் சார் புடிப்பாங்க."

காசிமேட்டுப் பையனுக்கு நீச்சல் தெரியுமா என்பது கேள்வியே இல்லை. நீந்தும் திறனும் நீந்துவோரை விடாமல் பார்த்துக்கொண்டிருக்கும் திறனும் தனித்தனி. பின்னது பயிற்சியால் வருவது. மூச்சு நின்றவருக்கு நெஞ்சை அழுத்தி உயிர்ப்பிக்கவும், கழுத்தெலும்பு அடிபட்டவரை அசைக்காமல் தூக்கவும் கற்றுத்தரும் பயிற்சிகள் நம் நாட்டிலும் உண்டு. ராஷ்ட்ரிய லைஃப் சேவிங் சொசைட்டி போன்றவை சான்றிதழ் தருகின்றன. ஆனால் சான்றிதழ் பெற்ற ஒருவரைக்கூடப் பம்ப் அறைக்குள் அனுப்பிவிட்டால் அந்தச் சான்றிதழால் பயனில்லை. நீரைக் கவனிப்பது ஒரு வேலை, நீரில் இருப்பவரைக் கவனிப்பது இன்னொரு வேலை என்று அந்த மாலைக்குப் பின்தான் எங்கள் கேள்வித்தாளில் எழுதினோம். பழைய விலைப்புள்ளிகளை ஒதுக்கிவிட்டு, நிறுவனங்களிடம் புதிதாகக் கேட்டோம்.

இரண்டு நிறுவனங்கள் விலகிக்கொண்டன. ஒருவர், "இந்த ஏரியாவுல யாரும் இதெல்லாம் கேக்கறதில்ல சார்" என்றார். 'இந்த ஏரியா' என்ற சொல்லை வடசென்னைக்காரன் எத்தனையோ இடங்களில் கேட்டிருக்கிறான். அண்ணா நகரில் இவர் அப்படிச் சொல்வாரா என்று எனக்குத் தெரிந்துகொள்ள ஆசை.

புட்டியில் நீர் எடுத்துப்போனவர் மறுபடி வந்தார். சோதனை முடிவோடு, நாங்கள் கேட்காத ஒன்றையும் காட்டினார். குளத்தின் அடியில் நீரை உறிஞ்சும் வாய் ஒன்றே ஒன்று, அதன் தட்டை மூடியில் விரிசல். குழந்தையின் கையோ தலைமுடியோ அதில் சிக்கினால், பம்ப் ஓடும்வரை பெரியவர் இருவர் இழுத்தாலும் விடுபடாது என்றார். 2002இல் அமெரிக்காவின் முன்னாள் வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் பேக்கரின் ஏழு வயதுப் பேத்தி, வெந்நீர்த் தொட்டி ஒன்றில் அப்படி உறிஞ்சு வாயில் சிக்கி இறந்தாள். அந்தச் சிறுமியின் பெயரிலேயே 2007இல் அங்கே சட்டம் வந்தது. எங்கள் குளத்தில் இன்னொரு உறிஞ்சு வாய் வைக்கவும், குவிந்த மூடிகள் பொருத்தவும், பம்பை நிறுத்தும் சிவப்புப் பொத்தானைக் கரையிலேயே வைக்கவும் அவர் தனியாகக் கணக்குப் போட்டுத் தந்தார்.

அவருடைய மாதத் தொகை 46,000 ரூபாய். ஓர் ஆள் மட்டும் தருகிற நிறுவனம் 25,000 கேட்டிருந்தது. வித்தியாசம் 21,000. வீட்டுக்கு 150 ரூபாய்.

பொதுக்குழுவில் இந்த 150 ரூபாய் இரண்டரை மணி நேரம் ஓடியது. பிள்ளைகளைப் பெற்றோர் பார்த்துக்கொள்ளட்டும், நீந்தாதவன் ஏன் கொடுக்கவேண்டும் என்றார்கள். பாதியில் விட்டுவிட முடியாத வாதம் ஒன்றைத் தரைத்தள வீட்டுக்கார அம்மா எடுத்தார். பக்கத்துத் தெருவில் இன்னமும் குடம் வைத்துத் தண்ணீர் பிடிக்கிறார்கள், சித்திரை மாதத்தில் இந்தக் குளத்திலிருந்து ஆவியாகும் தண்ணீரே ஒரு நாளைக்கு ஒரு சிறு குடும்பத்துக்குக் காணும், மூடிவிடுங்கள் என்றார். கணக்கு சரிதான். நாளுக்கு 6 மில்லிமீட்டர் என்று வைத்தாலே 430 லிட்டர் வருகிறது. அவருக்கு யாரும் சரியாகப் பதில் சொல்லவில்லை. நானும்தான். இரவில் குளத்தைத் தார்ப்பாயால் மூடுவது, வடிகட்டி கழுவிய நீரைத் தொட்டியில் தேக்கிக் கழிப்பறைக்கு விடுவது, ஏரிகள் வற்றும் ஆண்டில் பொதுக்குழுவைக் கேட்காமலே குளத்தை நிறுத்திவைப்பது என்று மூன்று தீர்மானங்களை அவரே முன்மொழிய, மூன்றும் நிறைவேறின. அதன்பின் நடந்த வாக்கெடுப்பில் அவர் எங்களுக்கு எதிராகவே வாக்களித்தார். ஆயினும் 46,000 ரூபாய் ஒப்பந்தம் தேறியது.

ஒப்பந்தத்தின் தமிழ் வாசகத்தை எழுதும் வேலை எனக்கு வந்தது. உயிர்காப்பாளர் கரையில் இருக்கும் நேரத்தில் மட்டுமே குளம் திறந்திருக்கும். காலை 6 முதல் 8, மாலை 4:30 முதல் 7:30. அந்த நேரத்தில் அவருக்கு வேறு எந்த வேலையையும் நிறுவனமோ, சங்கமோ, குடியிருப்போரோ தரக்கூடாது, பார்சல் வாங்குவது உட்பட. அவர் வராத நாளில் மாற்று ஆள் இல்லையென்றால் கதவு பூட்டியே இருக்கும். இருவருக்கும் வைப்பு நிதி, இ.எஸ்.ஐ. கட்டிய சீட்டை மாதப் பட்டியலோடு இணைத்தால்தான் பணம். மின் இணைப்பை மூன்று மாதத்துக்கொரு முறை உரிமம் பெற்ற மின்பணியாளர் சோதித்துக் கையெழுத்திடவேண்டும். இதில் 'பார்சல் வாங்குவது உட்பட' என்பதை நீக்கிவிடலாமே, ஒப்பந்தத்தில் பார்க்க நன்றாயில்லை என்றார் செயலாளர். அது இருக்கட்டும் என்றார் தீயணைப்புப் பெரியவர். இருக்கிறது.